பிராக் வசந்தம் தோற்றபின் அதன் ஆட்கள் என்ன ஆனார்கள்?

வடவாறு (இழையைத் தொடங்கியவர்):

1968 செக்கோஸ்லோவாக்கியா பற்றித் தமிழில் படிக்கக் கிடைப்பவை பெரும்பாலும் ஆகஸ்ட் 21 அன்று பிராக் தெருக்களில் டாங்கிகள் வந்து நின்றதோடு முடிந்துவிடுகின்றன. அதற்குப் பிந்தைய இருபது ஆண்டுகளைப் பற்றிப் பேசத்தான் இந்த இழை. பிராக் வசந்தம் எனப்படும் அந்த ஆண்டின் சீர்திருத்தத்தைக் கொண்டுவந்தவர்கள் எங்கோ பறந்துபோய்விடவில்லை. அதே ஊரில், அதே கட்சி ஆட்சியின்கீழ் வாழவேண்டியிருந்தது.

அறியாதவர்களுக்காகச் சுருக்கம். 1968 ஜனவரி 5 அன்று நோவோத்னி கட்சித் தலைமையிலிருந்து இறக்கப்பட்டு அலெக்சாந்தர் டூப்செக் முதல் செயலாளர் ஆனார். ஏப்ரலில் சீர்திருத்தங்களை வகுத்த கட்சியின் செயல்திட்டம் வந்தது. ஜூனில் பத்திரிகைத் தணிக்கை சட்டப்படியே ஒழிக்கப்பட்டது. ஆகஸ்ட் 20 நள்ளிரவில் சோவியத் தலைமையிலான வார்சா ஒப்பந்தப் படைகள் நுழைந்தன. டூப்செக்கையும் உடனிருந்த தலைவர்களையும் பிடித்து மாஸ்கோவுக்குக் கொண்டுபோனார்கள். ஆகஸ்ட் 26 அன்று மாஸ்கோ உடன்படிக்கையில் கையெழுத்து வாங்கினார்கள். பிறகு அவர்களையே திருப்பி அனுப்பி, பழைய நாற்காலிகளில் உட்கார வைத்தார்கள்.

நான் கவனிக்கச் சொல்வது இந்தக் கடைசி விஷயத்தைத்தான். சீர்திருத்தத்தைக் கலைக்கும் வேலையைச் சீர்திருத்தக்காரர்கள் கையாலேயே செய்வித்தார்கள். தணிக்கை திரும்பியது, அந்நியப் படை தங்குவதற்கான ஒப்பந்தம் நிறைவேறியது. இவையெல்லாம் டூப்செக் பதவியில் இருந்தபோதே நடந்தன. வேலை முடிந்ததும் 1969 ஏப்ரல் 17 அன்று அவரை இறக்கிவிட்டு குஸ்தாவ் ஹுசாக்கை அமர்த்தினார்கள்.

அந்தத் தலைவர்களின் பிற்கால வாழ்வை ஒவ்வொன்றாகப் பார்த்தபோது ஒரு விஷயம் தெளிவாகத் தெரிந்தது. முழுதாக இணங்கியவர்கள் நீடித்தார்கள். முழுதாக மறுத்தவர்கள் பதவியை இழந்தாலும் மக்களிடம் மதிப்போடு நின்றார்கள். பாதி இணங்கி மீதியைக் காப்பாற்றலாம் என்று நினைத்தவர்களுக்கு இரண்டும் கிடைக்கவில்லை. பிரதமர் ஓல்திரிஹ் செர்னிக் நல்ல உதாரணம். உடன்படிக்கையில் கையெழுத்திட்டார், ஒவ்வொரு மாதமும் ஒவ்வொரு படி இறங்கினார், ஹுசாக்கோடும் அனுசரித்துப் போனார். 1970 ஜனவரியில் பிரதமர் பதவி போனது, பிறகு கட்சி உறுப்பினர் அட்டையும் போனது. அத்தனை இணக்கமும் அவருக்கு வாங்கித் தந்தது ஒன்றரை ஆண்டுகூட இல்லை.

மறுப்பவர்கள், கூடுதலாகத் தெரிந்தவர்கள் எழுதுங்கள்.

இரும்புப்பாலம்:

ஐந்து லட்சம் படை நாட்டுக்குள் நிற்கும்போது வேறு என்ன செய்திருக்க முடியும் என்பதையும் நீங்கள் சொல்லவேண்டும். பன்னிரண்டு ஆண்டுகளுக்கு முன்தான் பக்கத்து ஹங்கேரியில் இதே சோவியத் படை வந்தது. அங்கே பிரதமர் இம்ரே நாகி எதிர்த்து நின்றார். ஆயிரக்கணக்கானோர் செத்தார்கள், 1958 ஜூன் 16 அன்று நாகியைத் தூக்கில் போட்டார்கள். டூப்செக் கண்முன் அந்தத் தூக்குமரம் இருந்தது. தன் உயிர் போகட்டும் என்று நினைத்திருந்தாலும், தெருவில் நிற்கும் இளைஞர்களின் உயிரை அவர் பணயம் வைக்க முடியுமா?

செக்கோஸ்லோவாக்கியாவில் தலைவர்கள் ஒருவரையும் தூக்கிலிடவில்லை. அது டூப்செக் கையெழுத்திட்டதால் கிடைத்தது. அரசியல் வாழ்வு போயிற்று என்று எழுதுகிறீர்கள். உயிர்கள் மிஞ்சினவே, அதைக் கணக்கில் சேர்க்கவேண்டாமா? மாஸ்கோவில் அன்று நான் இருந்திருந்தால் நானும் கையெழுத்துப் போட்டிருப்பேன். அதற்காக வெட்கப்பட்டும் இருக்கமாட்டேன்.

வடவாறு:

மாஸ்கோ கையெழுத்தைப் பற்றி நீங்கள் சொல்வதை நான் எதிர்க்கவில்லை. கடத்திக்கொண்டு போகப்பட்ட மனிதர், மயக்கமும் மருந்துமாகக் கிடந்தவர், அங்கே போட்ட கையெழுத்துக்கு அவரைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றுவது நியாயமில்லை.

எனக்கு உறுத்துவது அதற்கு ஓராண்டு கழித்து நடந்தது. 1969 ஆகஸ்ட் 21. படையெடுப்பின் முதலாண்டு நினைவு நாள். பிராகிலும் பிர்னோவிலும் லிபெரெட்சிலும் மக்கள் தெருவுக்கு வந்தார்கள். இந்தமுறை சுட்டவர்கள் சோவியத் படையினர் இல்லை. உள்நாட்டுப் பாதுகாப்புப் படையும் கட்சியின் மக்கள் காவல் படையும் சுட்டன. ஐந்து பேர் இறந்தார்கள். மறுநாள், ஆகஸ்ட் 22 அன்று, ஓர் அவசரச் சட்டம் வந்தது. குழப்பம் செய்பவரை மூன்று வாரம்வரை காவலில் வைக்கலாம், வேலையிலிருந்து உடனே நீக்கலாம், மாணவரைக் கல்லூரியிலிருந்து விரட்டலாம். மக்கள் அதற்கு லத்திச் சட்டம் என்று பெயர் வைத்தார்கள். அதன் அடியில் மூன்று கையெழுத்துகள்: குடியரசுத் தலைவர் ஸ்வோபோதா, பிரதமர் செர்னிக், கூட்டாட்சிப் பேரவை எனப்பட்ட நாடாளுமன்றத்தின் தலைவர் டூப்செக்.

சீர்திருத்தத்தின் முகமாக இருந்தவரின் பெயரைக் காட்டி அவரை நம்பித் தெருவுக்கு வந்தவர்களைத் தண்டித்தார்கள். ஆகஸ்ட் 22 அன்று அவர் தலைக்கு மேல் துப்பாக்கி இல்லை. பதவி விலகியிருக்கலாம். விலகாமல் கையெழுத்திட்டதால் அவருக்கு என்ன கிடைத்தது? அக்டோபரில் பேரவைத் தலைவர் பதவி பறிக்கப்பட்டது. அந்த ஆண்டின் இறுதியில் துருக்கிக்குத் தூதராக நியமித்தார்கள். அவர் அப்படியே மேற்கில் அடைக்கலம் கேட்டுவிட்டால் துரோகி என்று சொல்லிக் கணக்கை முடித்துவிடலாம். அவர் அதைச் செய்யவில்லை, நாடு திரும்பினார். அதற்காக அவர்மேல் எனக்கு மதிப்பு உண்டு. 1970 ஜூனில் கட்சியிலிருந்து நீக்கினார்கள். பிராத்திஸ்லாவாவில் வனத்துறை நிறுவனம் ஒன்றில் இயந்திரப் பராமரிப்புப் பிரிவில் வேலை கொடுத்தார்கள். ஓய்வு பெறும்வரை அங்கேதான் இருந்தார். எங்கு போனாலும் ரகசியப் போலீஸ் பின்னால் வந்தது.

உயிர்களைக் காப்பாற்றத்தான் இணங்கினார் என்ற வாதம் 1968 ஆகஸ்ட்டுக்குப் பொருந்தும். 1969 ஆகஸ்ட்டுக்குப் பொருந்தாது. அந்தச் சட்டம் யாரையும் காப்பாற்றவில்லை.

பழைய அச்சகம்:

தம்பி வடவாறு, நல்ல இழை. நான் அந்தக் காலத்து ஆள். ஓர் அச்சகத்தில் எழுத்துக் கோத்துக்கொண்டிருந்தேன். எங்கள் சங்க அலுவலகத்துக்குச் ‘சோவியத் நாடு’ இதழ் வரும். வழவழப்பான தாளில் வண்ணப் படங்களோடு வரும். படித்து முடித்தபின் குழந்தைகளின் பாடப்புத்தகத்துக்கு அட்டை போட அதைக் கேட்டு வாங்கிப்போவார்கள். 1968 ஆகஸ்ட் கடைசி வாரத்தில் எங்கள் அலுவலகத்தில் நடந்த வாக்குவாதத்தைப்போல் அதற்கு முன்னும் பின்னும் நான் பார்த்ததில்லை. ஒரு மூத்த தோழர், பத்து ஆண்டுகளுக்கு மேல் கட்சியில் இருந்தவர், “ஒரு கம்யூனிஸ்ட் கட்சி இன்னொரு கம்யூனிஸ்ட் கட்சியின் அலுவலகத்தைத் துப்பாக்கியோடு சூழ்ந்து நிற்பதை நான் எந்தப் புத்தகத்தில் தேடுவேன்” என்று கேட்டார். யாரும் பதில் சொல்லவில்லை. அவர் சண்டை போடாமல், அறிக்கை விடாமல், அந்த ஆண்டோடு உறுப்பினர் சந்தா கட்டுவதை நிறுத்திக்கொண்டார். சங்க வேலைக்கு மட்டும் தவறாமல் வந்தார்.

டில்லியிலும் ஒரு பதவி இதனால் போனது என்பது இன்று பலருக்கு நினைவில்லை. ஐ.நா. பாதுகாப்பு மன்றத்தில் படையெடுப்பைக் கண்டித்த தீர்மானத்தின்போது இந்தியா வாக்களிக்காமல் ஒதுங்கியது. அரசு வெளிப்படையாகக் கண்டிக்கவில்லை என்று சொல்லி, இந்திரா காந்தி அமைச்சரவையிலிருந்து அசோக் மேத்தா விலகினார். பழைய சோஷலிஸ்ட். அந்த விலகலில் எனக்கு அன்றும் மரியாதை, இன்றும் மரியாதை.

ஒன்று கேட்கவேண்டும். மாஸ்கோவில் கையெழுத்துப் போடாத ஒருவர் இருந்தாரே, மருத்துவர். அவரைப் பற்றி யாராவது எழுதுங்கள்.

மலைச்சாரல்:

ஐயா, நீங்கள் கேட்பது பிரான்டிஷெக் கிரீகல். நான் சட்டம் படிப்பிப்பவள். இந்த விஷயத்தில் எனக்கு மிகவும் பிடித்த மனிதர்கள் கிரீகலும் அவரோடு நின்ற மூவரும்.

கிரீகல் 1908இல் இன்றைய உக்ரைனில் உள்ள ஸ்தானிஸ்லாவ் நகரில் யூதக் குடும்பத்தில் பிறந்தவர். பிராகில் மருத்துவம் படித்தார். ஸ்பெயின் உள்நாட்டுப் போரில் குடியரசுப் படைக்கு மருத்துவராகப் போனார். அது தோற்றபின் சீனாவுக்குப் போய் ஜப்பானுக்கு எதிரான போரில் காயம்பட்டவர்களுக்குச் சிகிச்சை செய்தார். 1968இல், கட்சிகளையும் அமைப்புகளையும் ஒரே குடையின்கீழ் வைத்திருந்த தேசிய முன்னணியின் தலைவர். கடத்தப்பட்டு மாஸ்கோவுக்குப் போனவர்களில் அவரும் ஒருவர். அங்கே எல்லோரும் கையெழுத்திட, அவர் ஒருவர் மட்டும் மறுத்தார். சோவியத் தரப்பு அவரை அங்கேயே நிறுத்திக்கொள்ளப் பார்த்தது. அவர் இல்லாமல் விமானம் ஏறமாட்டோம் என்று மற்றவர்கள் வற்புறுத்தியபின்தான் விட்டார்கள். கையெழுத்திட்டவர்களும் அந்த ஓரிடத்தில் உறுதியாக நின்றார்கள் என்பதை எழுதியாகவேண்டும்.

ஆனால் எனக்கு மாஸ்கோவைவிட 1968 அக்டோபர் 18 முக்கியம். அன்று நாடாளுமன்றத்தில் சோவியத் படை தங்குவதற்கான ஒப்பந்தம் வாக்கெடுப்புக்கு வந்தது. ஆதரவு 228. எதிர்ப்பு 4. வாக்களிக்காதோர் 10. பலர் அவைக்கே வரவில்லை. எதிர்த்த நால்வர்: கிரீகல், பிரான்டிஷெக் வோத்ஸ்லோன், பொஜெனா ஃபுகோவா, கெர்த்ருதா செகனினோவா-சக்ர்தோவா.

கடைசிப் பெயரைப் பாருங்கள். அவர் வழக்கறிஞர். முதல் கணவரும் வழக்கறிஞர், கம்யூனிஸ்ட். அவரை நாஜிகள் சாக்சன்ஹவுசன் முகாமில் கொன்றார்கள். இவரைத் தெரேசியன்ஸ்டாட்டுக்கும் ஆஷ்விட்சுக்கும் அனுப்பினார்கள். உயிரோடு திரும்பி வந்தார். வெளியுறவுத் துறையில் துணை அமைச்சராக இருந்தார். ஆஷ்விட்சைப் பார்த்துவிட்டு வந்த ஒரு பெண்மணியிடம் போய், எதிர்த்து வாக்களித்தால் எதிர்காலம் இருக்காது என்று யார் மிரட்டுவது? எதிர்த்து வாக்களித்தார், பதவி இழந்தார். பின்னால், மனித உரிமைகளை மதிக்கும்படி அரசைக் கேட்ட 1977ஆம் ஆண்டு அறிக்கையான சாசனம் 77இல் கையெழுத்திட்டார். அநியாயமாகச் சிறைக்குப் போனவர்களுக்காகப் பாடுபட்ட குழுவில் சேர்ந்து, வழக்குகளை ஒவ்வொன்றாகப் பதிவு செய்யும் வேலையில் தன் சட்ட அறிவைச் செலவிட்டார். 1986இல் இறந்தார். 1989இல் கம்யூனிஸ்ட் ஆட்சி வீழ்ந்ததைப் பார்க்கவில்லை.

கிரீகலை 1969இல் கட்சியிலிருந்து நீக்கினார்கள். அவரும் சாசனத்தில் கையெழுத்திட்டார். கடைசிவரை ரகசியப் போலீஸ் வாசலில் நின்றது. 1979 டிசம்பரில் மறைந்தார்.

இவர்களுடைய வாழ்வை ‘அரசியல் வாழ்வு முடிந்தது’ என்ற கணக்கில் சேர்க்க என் மனம் ஒப்பவில்லை. செகனினோவா துணை அமைச்சராக இருந்தபோது செய்ததைவிட, பதவி போனபின் செய்ததுதான் பெரிய அரசியல்.

கொல்லிமலை:

தலைவர்களைப் பற்றியே பேசுகிறீர்கள். தொழிற்சாலையில், பள்ளிக்கூடத்தில் இருந்த சாதாரண உறுப்பினர்கள்? அவர்களுக்கு எந்தத் தூதர் பதவியும் கொடுத்திருக்கமாட்டார்கள் அல்லவா?

நிலக்கோட்டை:

கொல்லிமலை கேட்ட கேள்விதான் இந்த விஷயத்தின் பெரும்பகுதி.

1970இல் கட்சி ஒரு காரியம் செய்தது. எல்லா உறுப்பினர்களின் அட்டையையும் திரும்பப் பெற்று, தகுதியானவர்களுக்கு மட்டும் புது அட்டை கொடுப்பது என்று முடிவு செய்தது. அப்போது உறுப்பினர்கள் ஏறத்தாழ 15 லட்சம். ஒவ்வொருவரும் விசாரணைக் குழுவின் முன் வரவேண்டும். குழுவில் இருப்பவர்கள் யாரோ அந்நியர்கள் இல்லை. கூட வேலை பார்ப்பவர்கள், ஒரே கிளையைச் சேர்ந்தவர்கள். கேள்விகள் பல இருந்தாலும் முடிவைத் தீர்மானித்தது ஒன்றுதான்: 1968 ஆகஸ்டில் வந்த ‘சகோதர உதவி’யை (படையெடுப்புக்குக் கட்சி வைத்த பெயர்) ஏற்கிறாயா? எதிரே இருப்பவருக்கும் அது பொய் என்று தெரியும், கேட்கிறவருக்கும் தெரியும். ஆனாலும் பதிலைக் குறித்துக்கொள்ளவேண்டும்.

முடிவில் சுமார் 3,27,000 பேர் வெளியேற்றப்பட்டார்கள். இதில் இரண்டு வகை. ஏறத்தாழ 67,000 பேர் ‘விலக்கப்பட்டவர்கள்’. சுமார் 2,60,000 பேர் ‘பெயர் அடிக்கப்பட்டவர்கள்’. இரண்டாவது வகை சற்று லேசான தண்டனை. விலக்கப்பட்டவருக்குத் தன் துறையில் வேலையே கிடைக்காது. பெயர் அடிக்கப்பட்டவர் பொறுப்பான பதவிக்கு வரமுடியாது, ஆனால் பல இடங்களில் கீழ்ப்பதவியில் தொழிலைத் தொடர விட்டார்கள். ஸ்லோவாக்கியாவில் களையெடுப்பு செக் பகுதியைவிடக் குறைவு.

இங்கேதான் வடவாறு சொன்னதோடு நான் வேறுபடுகிறேன். தலைவர்களுக்குப் பாதி இணக்கம் பயன்படவில்லை என்பது சரி. சாதாரண உறுப்பினருக்கு அது பயன்பட்டது. விசாரணைக் குழுவில் “அன்று எனக்குப் புரியவில்லை, இப்போது யோசிக்கிறேன்” என்று மழுப்பிய ஆசிரியருக்கு வேலை தப்பியிருக்கலாம். அதைவிட முக்கியம், பிள்ளைகள். பெற்றோர் விலக்கப்பட்டவர் என்று கோப்பில் இருந்தால் பிள்ளைக்குப் பல்கலைக்கழக இடம் கிடைப்பது மிகவும் அரிது. மகளின் படிப்புக்காக ஒரு பொய்யைச் சொன்னவரை நான் கோழை என்று எழுதமாட்டேன்.

சொல்ல மறுத்தவர்கள் எங்கே போனார்கள்? கொதிகலன் அறையில் கரி அள்ளினார்கள், சன்னல் துடைத்தார்கள், இரவுக் காவலாளி ஆனார்கள், நீர் தேடித் துளையிடும் குழுக்களோடு ஊர் ஊராகப் போய்க் கூண்டு வண்டியில் தங்கினார்கள். பேராசிரியர்கள், வரலாற்றாசிரியர்கள், பத்திரிகையாளர்கள். 1952 ஹெல்சிங்கி ஒலிம்பிக்கில் 5,000 மீட்டர், 10,000 மீட்டர், மாரத்தான் மூன்றிலும் தங்கம் வென்ற எமில் ஜாடோபெக்கைத் தெரியாதவர் யார்? ராணுவத்தில் கர்னல், கட்சி உறுப்பினர். 1968 கோடையில் சீர்திருத்தத்துக்கு ஆதரவான அறிக்கையில் கையெழுத்திட்டு, படைகள் வந்தபோது தெருவில் நின்று எதிர்த்துப் பேசினார். கட்சியிலிருந்தும் ராணுவத்திலிருந்தும் நீக்கி, நிலத்துளைக் குழு ஒன்றில் வேலைக்கு அனுப்பினார்கள். ஆண்டுக்கணக்கில் வீட்டைப் பிரிந்து இருந்தார். 1971இல் தன் பழைய நிலைப்பாட்டைக் கைவிட்டும் பேசினார். அவரையும் நான் தீர்ப்பளிக்கத் தயாராக இல்லை.

வடவாறு:

நிலக்கோட்டை எழுதியது இந்த இழைக்குத் தேவையாக இருந்தது. நான் சொன்னது மேல்மட்டத்துக்கு மட்டும்தான் பொருந்தும். கீழே ஒருவர் இழப்பது சோறும் பிள்ளைகளின் படிப்பும். அங்கே கணக்கே வேறு.

மேல்மட்டத்தில் முழுதாக இணங்கியவர்களைப் பற்றி ஒன்று சொல்லவேண்டும். லுபோமிர் ஷ்ட்ரௌகால் துணைப் பிரதமர். ஆகஸ்ட் 21 காலை செர்னிக் பிடிபட்டிருந்ததால் அமைச்சரவைக் கூட்டத்துக்குத் தலைமை தாங்கியவர் அவர்தான். அந்த அமைச்சரவை படையெடுப்பைக் கண்டித்தது. அடுத்த சில மாதங்களில் காற்று எந்தப் பக்கம் என்று பார்த்து முற்றிலும் மறுபக்கம் போனார். 1970 ஜனவரியில் செர்னிக் இடத்துக்கு வந்தார். 1988 வரை பிரதமர். பதினெட்டு ஆண்டுகள்!

ஹுசாக்கின் கதை இன்னும் கொடுமை. 1950களில் அவரே கட்சியின் பொய்வழக்கில் ஆயுள் தண்டனை பெற்றவர். சித்திரவதையை அனுபவித்தவர். 1960இல் பொதுமன்னிப்பில் வெளியே வந்தார், 1963இல் குற்றமற்றவர் என்று அறிவிக்கப்பட்டார், 1968 ஏப்ரலில் சீர்திருத்த அரசில் துணைப் பிரதமர். அவர் மீண்டு வரத் துணை நின்ற கட்சி வரலாற்றாசிரியர் மிலான் ஹூப்ல் அவருடைய நண்பர். 1972இல் ஹுசாக்கின் ஆட்சியில் அதே ஹூப்லுக்கு ஆறரை ஆண்டு சிறை. பிர்னோ வட்டாரக் கட்சிப் பொறுப்பாளராக இருந்த யாரோஸ்லாவ் ஷாபாதாவுக்கும் அதே ஆண்டில் அதே ஆறரை ஆண்டு. ஷாபாதாவின் பிள்ளைகளையும் விடவில்லை.

சிறையிலிருந்து வந்தவர் ஏன் இப்படி ஆனார் என்று பலமுறை யோசித்திருக்கிறேன். அதிகார ஆசை என்று சுலபமாகச் சொல்லலாம். நான் முக்கியமாகக் கருதுவது வேறொன்று. 1968இன் திட்டங்களில் ஒன்று மட்டும் பிழைத்தது: செக், ஸ்லோவாக் என்ற இரு குடியரசுகளின் கூட்டாட்சி. 1969 ஜனவரி 1 முதல் நடைமுறைக்கு வந்தது. ஸ்லோவாக்கியரான ஹுசாக்குக்கு ஆரம்பத்திலிருந்தே வேண்டியிருந்தது அதுதான். பத்திரிகைச் சுதந்திரமோ கட்சிக்குள் ஜனநாயகமோ அவருக்கு உயிர் இல்லை. தான் கேட்டது கிடைத்தபின் மற்றதை விட்டுக்கொடுப்பது அவருக்கு இழப்பாகவே தெரிந்திருக்காது. சீர்திருத்த இயக்கம் என்று நாம் ஒரே பெயரில் அழைப்பதற்குள் வேறு வேறு காரணங்களுக்காகச் சேர்ந்தவர்கள் இருக்கிறார்கள். தோல்வி வரும்போதுதான் யார் எதற்காக வந்தார்கள் என்பது தெரிகிறது.

இரும்புப்பாலம்:

லத்திச் சட்டம் பற்றி எழுதியதைப் படித்தேன். அந்த ஒரு கையெழுத்துக்கு என்னிடம் பதில் இல்லை. மாஸ்கோ பற்றிய என் கருத்து மாறவில்லை.

நாட்டைவிட்டுப் போனவர்களைச் சேர்க்கவேண்டும். பொருளாதாரச் சீர்திருத்தத்தை வகுத்த ஓத்தா ஷிக் படையெடுப்பின்போது யுகோஸ்லாவியாவில் இருந்தார். பிறகு சுவிட்சர்லாந்தில் குடியேறி சாங்க்ட் காலனில் பேராசிரியர் ஆனார். தொலைக்காட்சி இயக்குநர் யிர்ஷி பெலிகான் இத்தாலிக்குப் போனார். ரோமிலிருந்து செக் மொழியில் எதிர்ப்பு இதழ் நடத்தினார். இத்தாலிய சோஷலிஸ்ட் கட்சியின் சார்பில் 1979 முதல் 1989 வரை ஐரோப்பிய நாடாளுமன்ற உறுப்பினர். சொந்த நாட்டில் வாக்குக் கேட்கவும் முடியாதவருக்கு இன்னொரு நாட்டு மக்கள் வாக்களித்தார்கள்.

ம்லினாரை விடக்கூடாது. செயல்திட்டத்தின் அரசியல் பகுதியை எழுதியவர்களில் முதன்மையானவர். மாஸ்கோவில் சட்டம் படித்தபோது கோர்பச்சோவின் வகுப்புத் தோழர், நெருங்கிய நண்பர். 1968 நவம்பரில் தானே பதவி விலகினார். 1970இல் கட்சி நீக்கியது. பிராக் தேசிய அருங்காட்சியகத்தின் பூச்சியியல் பிரிவில் வண்டுகளை வகைப்படுத்தும் வேலையில் ஏழு ஆண்டுகள். சிறுவயதிலிருந்தே அவருக்கு வண்டுகளில் ஆர்வம். சாசனம் 77இல் கையெழுத்திட்டதும் அந்த வேலையும் போனது. ஆஸ்திரியாவுக்குப் போனார். அவருடைய நண்பர் 1985இல் மாஸ்கோவில் தலைமைக்கு வந்து, 1968இல் பிராகில் சொன்னதை ஒத்த பேச்சைப் பேசினார். பதினேழு ஆண்டு தாமதம்.

மலைச்சாரல்:

1989க்குப் பிறகு இவர்கள் திரும்பி வந்தார்களா என்ற கேள்விக்கு வயதைப் பார்த்தால் விடை தெரியும் என்று நினைக்கிறேன்.

1989 நவம்பர் 24 அன்று பிராகின் வென்செஸ்லாஸ் சதுக்கத்து மாடியில், எதிர்ப்பியக்கத்தை வழிநடத்திய நாடகாசிரியர் ஹாவெலின் பக்கத்தில் டூப்செக் வந்து நின்றபோது கீழே நின்ற கூட்டம் அவர் பெயரைச் சொல்லி முழங்கியது. அவருக்கு அப்போது வயது 68 நிறைவடைய மூன்றே நாள். டிசம்பர் 28 அன்று கூட்டாட்சிப் பேரவையின் தலைவர் ஆனார். 1969இல் பறிக்கப்பட்ட அதே பதவி. மறுநாள் அதே பேரவை ஹாவெலைக் குடியரசுத் தலைவராகத் தேர்ந்தெடுத்தது. மக்கள் டூப்செக்கை நேசித்தார்கள், ஆனால் அவருடைய 1968 திட்டத்தை யாரும் கேட்கவில்லை. மனிதமுகம் கொண்ட சோஷலிசம் என்று அவர் சொன்னபோது இளைஞர்களுக்கு அது பெற்றோர் காலத்துப் பேச்சு. 1992 செப்டம்பரில் கார் விபத்தில் காயமடைந்து நவம்பர் 7 அன்று இறந்தார். 1968இல் நாடாளுமன்றத் தலைவராக இருந்த ஸ்மர்கோவ்ஸ்கி 1974இலேயே புற்றுநோயில் போய்விட்டார். முன்னாள் வெளியுறவு அமைச்சர் ஹாயெக் சாசனத்தின் முதல் மூன்று பேச்சாளர்களில் ஒருவராக இருந்து பெரும் சேவை செய்தவர். 1989இல் அவருக்கு 76 வயது. ம்லினார் திரும்பி வந்து 1996 தேர்தலில் ஓர் இடதுசாரிக் கூட்டணிக்கு முகமாக நின்றார். நாடாளுமன்றத்துக்குள் நுழையத் தேவையான ஐந்து சதவீத வாக்கின் பக்கத்தில்கூட அது வரவில்லை. மறு ஆண்டு வியன்னாவில் இறந்தார்.

1968இல் முப்பதை ஒட்டி இருந்த கட்சிக்காரர்களைப் பாருங்கள். வானொலிச் செய்தியாளர் யிர்ஷி டீன்ஸ்ட்பியர், 1937இல் பிறந்தவர். கட்சி நீக்கியது, சாசனம், மூன்று ஆண்டு சிறை, கடைசியில் கொதிகலன் அறை. 1989 டிசம்பர் 10 அன்று வெளியுறவு அமைச்சர் ஆனார். அதே மாதம் மேற்கு ஜெர்மனியின் வெளியுறவு அமைச்சர் கென்ஷரோடு சேர்ந்து எல்லைக் கம்பிவேலியை வெட்டினார். பெத்ர் பித்தார்ட், 1941. தோட்டவேலை, காவல் வேலை என்று பார்த்தவர். 1990இல் செக் குடியரசின் பிரதமர், பின்னால் செனட் தலைவர். பாவெல் ரிகெத்ஸ்கி, 1943. இருபது ஆண்டு அரசமைப்பு நீதிமன்றத்தின் தலைவர். மிலோஷ் ஸெமான் 1968இல் கட்சியில் சேர்ந்து, படையெடுப்பை ஏற்க மறுத்து 1970இல் நீக்கப்பட்டவர். 1998இல் பிரதமர், 2013 முதல் பத்து ஆண்டு குடியரசுத் தலைவர். அவருடைய பிற்கால அரசியல் எனக்குச் சிறிதும் பிடிக்காது. ஆனால் அந்த 1970 விசாரணையிலிருந்து நாட்டின் உச்சப் பதவிவரை போனவர் அவர்தான்.

இருபது ஆண்டு காத்திருக்க வயது இருந்தவர்களுக்கு இரண்டாம் வாய்ப்பு வந்தது. அவர்களும் சீர்திருத்தக் கம்யூனிஸ்டுகளாகத் திரும்பி வரவில்லை, சாசனத்துக்காரர்களாக அல்லது வேறு கட்சிக்காரர்களாக வந்தார்கள். அதுவும் நீடிக்கவில்லை. டீன்ஸ்ட்பியரின் குடிமக்கள் இயக்கம் 1992 தேர்தலிலேயே ஐந்து சதவீதத்துக்குக் கீழே போய்விட்டது.

பழைய அச்சகம்:

கிரீகல் பற்றி எழுதியதற்கு நன்றி அம்மா. ஒரு சங்கடமான விஷயத்தையும் சொல்லியாகவேண்டும். அவர் 1948 பிப்ரவரியில் கம்யூனிஸ்டுகள் ஆட்சியைக் கைப்பற்றியபோது பிராகின் மக்கள் காவல் படையில் துணைத் தளபதியாக இருந்தார். 2014இல் பிராக் நகரின் ஒரு வட்டார மன்றத்தில் அவருக்குக் கௌரவக் குடிமகன் பட்டம் கொடுக்கும் யோசனை வந்தபோது இதைச் சொல்லித்தான் எதிர்த்தார்கள். 1948க்குப் பிறகு பண்ணையை இழந்தவர், சுரங்கத்துக்கு அனுப்பப்பட்டவர், அண்ணனைத் தூக்கில் பறிகொடுத்தவர் எல்லாம் அந்த நாட்டில் உண்டு. கொதிகலன் அறைக்குப் போன பேராசிரியரைப் பார்த்து, “எங்களை அங்கே முதலில் அனுப்பியது உன் கட்சிதானே” என்று அவர்கள் கேட்டால் தவறா?

வடவாறு:

தவறில்லை ஐயா. அந்தக் கேள்விதான் 1990க்குப் பிறகு இவர்கள் எந்த மேடையிலும் தனியாக நிற்க முடியாமல் செய்தது என்று நினைக்கிறேன். வலதுசாரிகள் இவர்களைப் பழைய கம்யூனிஸ்டுகள் என்றார்கள். மிஞ்சிய கம்யூனிஸ்ட் கட்சியோ இவர்களை நீக்கியவர்களின் கட்சி. 1991இல் வந்த தகுதியாய்வுச் சட்டம் பழைய கட்சிப் பொறுப்பாளர்களை அரசின் உயர் பதவிகளிலிருந்து விலக்கியபோது, 1968 ஜனவரி 1 முதல் 1969 மே 1 வரை மட்டும் பொறுப்பில் இருந்தவர்களுக்கு விலக்கு அளித்தது. சட்டம் அந்தப் பதினாறு மாதத்தைத் தனியாகப் பார்த்தது. வாக்காளர்கள் பார்க்கவில்லை.

கிரீகல் விஷயத்தில் என் கருத்தைச் சொல்லிவிடுகிறேன். 1948இல் அவர் நின்ற இடத்துக்கு அவர் பொறுப்பு. அதை மறைத்து அவரைப் புனிதராக்கக் கூடாது. அதே சமயம், அந்தப் பட்டத்தை அவருக்குக் கொடுக்க மறுத்தது தவறு என்றே நினைக்கிறேன். 1948இல் அவரோடு நின்றவர்கள் ஆயிரக்கணக்கானோர். 1968 அக்டோபரில் அவரோடு எதிர்த்து வாக்களித்தவர்கள் மூவர்.

1948இல் பாதிக்கப்பட்டவர்கள் பக்கத்திலிருந்து பேச இந்த இழை போதாது. அதற்குத் தனி இழை இன்று இரவு தொடங்குகிறேன். பழைய அச்சகம் ஐயா, முதல் பதிவை நீங்கள் எழுதவேண்டும். நிலக்கோட்டை, விலக்கப்பட்டவர், பெயர் அடிக்கப்பட்டவர் இருவருக்கும் ஓய்வூதியத்தில் என்ன வேறுபாடு இருந்தது என்பது பற்றி உங்களுக்குத் தெரிந்தால் இங்கேயே தொடருங்கள்.